பழைய யந்திரங்களும் சர்க்கார் காரியாலயங்களும்

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடும், விண்டோஸ் சர்வர் 2003-க்கு 2015 ஜூலை 14-ந் தேதியோடும் மைக்ரோஸாப்ட் கம்பெனியார் பாதுகாப்பு உதவியை நிறுத்தினர். எக்ஸ்பிக்குப் பதிலாக, ஸி-டாக் ஸ்தாபனத்தாரின் பாஸ் லினக்ஸை ஏற்குமாறு தமிழ்நாடு சர்க்கார் 2014-ல் இலாகாக்களுக்குக் கூறினர். இக்கொள்கையை நாம் மனப்பூர்வமாக ஆதரிக்கிறோம். அந்நியக் கம்பெனி தேதி குறிக்க, நம் காரியாலயங்கள் திகைத்து நிற்பதா?

புதுப்பிக்கப்படாத யந்திரங்களில் 2017 மே மாதம் வானாக்ரை புகுந்து, இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளையே ஸ்தம்பிக்கச் செய்ததை மறத்தலாகாது.

எனினும், உத்தரவு மட்டும் போதாது. கடலூரிலோ சிதம்பரத்திலோ பட்டாவுக்காக வரும் குடியானவன் யந்திரத்தின் பெயரைக் கேட்பதில்லை. தன் தஸ்தாவேஜு பத்திரமாக இருக்கிறதா என்றே கேட்கிறான். ஆகவே, முதலில் நகல் எடுக்க வேண்டும். அதைத் திரும்பப் படிக்க முடிகிறதா என்று பரீட்சிக்க வேண்டும். குமாஸ்தாக்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். அதன் பின்னரே பழைய யந்திரத்தை நிறுத்தலாம். இதை அதிகாரிகள் உணர்வார்களாக.