நடைபாதையின் பொறுப்பாளர்கள்

நெடுங்காலம் ஒரு பணியில் இருப்பவர் தமக்கு ஒப்படைக்கப்பட்டதைவிடப் பெரிய பொறுப்பைத் தாமே கேட்டு முன்வருவதை அலுவலகங்களோடு மட்டும் தொடர்புபடுத்திப் பார்ப்பது வழக்கம். ஆனால், நியமன ஆணையோ பதவி உயர்வோ இல்லாத தெருவோர வணிகத்திலும் அத்தகைய கோரிக்கை எழுந்து, இறுதியில் நாட்டின் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. ராஷ்பிகாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் தென் கொல்கத்தாவின் கரியாஹாட், அந்தக் கோரிக்கையின் வலிமையையும் அது இன்னும் நிறைவு செய்யாத கடமைகளையும் ஒருசேரக் காட்டும் இடம்.

1996 நவம்பர் 24 இரவு, மேற்கு வங்க இடது முன்னணி ஆட்சியின் ‘ஆபரேஷன் சன்ஷைன்’ நடவடிக்கையில் கரியாஹாட் உள்ளிட்ட பகுதிகளின் நடைபாதைக் கடைகள் அகற்றப்பட்டன. அடுத்த ஆண்டு மாநகராட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, நடைபாதையை அனுமதியின்றிப் பயன்படுத்துவது பிணையில் வெளிவர இயலாத குற்றமாக்கப்பட்டது. கடைகள் அகற்றப்பட்டதை எதிர்த்துப் பல சங்கங்கள் இணைந்து உருவாக்கிய ஹாக்கர் சங்கிராம் கமிட்டி மறியலோடும் ஊர்வலத்தோடும் நின்றுவிடவில்லை. வியாபாரிகளைப் பற்றிய விவரங்களையும் அரசாணைகளையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் திரட்டி ஓர் ஆவணத் தொகுப்பையே அது உருவாக்கியதை வரலாற்றாய்வாளர் ரிதஜ்யோதி பந்தியோபாத்யாய் தம் ஆய்வுகளில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். நடைபாதையில் யார் எங்கே என்ன விற்கிறார் என்ற, அரசிடம் இருந்திருக்க வேண்டிய அறிவைச் சங்கமே சேர்த்து வைத்ததால், வெளியேற்றப்பட வேண்டியவர்களாகப் பார்க்கப்பட்டவர்கள் கலந்தாலோசிக்கப்பட வேண்டியவர்களாக மாறினார்கள். கூடுதல் பொறுப்பைக் கேட்பவர் அதன் ஒரு பகுதியையேனும் முன்னதாகவே செய்துகாட்டியிருக்க வேண்டும் என்ற நியதிக்கு இது தக்க சான்று.

நடைபாதை வணிகமும் அரசமைப்பு வழங்கும் தொழில் உரிமைக்குள் அடங்கும், ஆனால் அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கில் கூறியது. அந்தக் கட்டுப்பாடுகளை வகுப்பதில் வியாபாரிகளுக்கும் இடம் உண்டு என்பதை 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் உறுதி செய்தது. விற்பனைக்குரிய இடங்கள், கணக்கெடுப்பு, சான்றிதழ் ஆகியவற்றைக் கவனிக்கும் அமைப்பான நகர விற்பனைக் குழுவில், வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையாமலும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் விதி. குழுவின் தலைமை மாநகராட்சி ஆணையரிடம் இருக்கும். போக்குவரத்துக் காவல்துறை, வணிகர் சங்கங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள் முதலியவற்றின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெறுவர். தம் வாக்குகளால் மட்டுமே எதையும் நிறைவேற்றிக்கொள்ள இயலாத, அதே சமயம் எவராலும் புறக்கணிக்கப்படவும் முடியாத இடத்தில் வியாபாரிகளை இந்த ஏற்பாடு வைக்கிறது. மற்றவர்களின் நலனையும் கருத்தில் கொண்டு வாதிட்டாலன்றி அங்கே அவர்கள் வெல்ல முடியாது.

ஒழுங்குக்குள் வர வேண்டியவரையே ஒழுங்குபடுத்தும் குழுவில் அமர்த்தலாமா என்ற எதிர்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களிலும் வங்காள சைத்ர மாதத் தள்ளுபடி விற்பனைக் காலத்திலும் கரியாஹாட்டின் நடைபாதையில் முதியவர்களும் குழந்தைகளை அழைத்துச் செல்வோரும் படும் நெருக்கடி உண்மையானது. 2019 ஜனவரியில் கரியாஹாட் சந்திப்பிலுள்ள குருதாஸ் மேன்ஷனில் தீப்பற்றியபோது, நடைபாதைக் கடைகளின் மேல் கட்டப்பட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்புகளின் ஆபத்து நகரம் முழுவதும் பேசப்பட்டது. சங்கத்தில் செல்வாக்குள்ளவர்கள் புதியவர்களுக்கு இடம் மறுக்கவும், ‘டாலா’ எனப்படும் கடைத்தட்டைப் பிறருக்கு வாடகைக்கு விடவும் குழு உறுப்பினர் பதவி துணைபோகலாம் என்ற அச்சத்துக்கும் இடமுண்டு.

இந்த வாதங்களுக்கான விடை வியாபாரிகளை வெளியே நிறுத்துவதில் இல்லை. அவர்கள் கேட்கும் அதிகாரத்துக்கு ஈடான கடமைகளை அவர்களே எழுத்தில் முன்வைப்பதில் இருக்கிறது. நடைபாதையில் மூன்றில் ஒரு பங்கு கடைக்கு, மூன்றில் இரண்டு பங்கு நடப்பவருக்கு என்ற கொல்கத்தாவின் விதியை ஒவ்வொரு வரிசையிலும் காப்பது முதல் கடமை. எரியக்கூடிய கூரைகளையும் ஒழுங்கற்ற மின் இணைப்புகளையும் தாங்களே கண்டறிந்து நீக்குவது இரண்டாவது. சான்றிதழ் பெற்றவர் தாமோ தம் குடும்பத்தினரோ மட்டுமே கடை நடத்த வேண்டும், வாடகைக்கு விடக் கூடாது என்ற சட்ட விதியைத் தம் உறுப்பினர்கள் மீதே நிலைநாட்டுவது மூன்றாவது. சட்டையும் சேலையும் அடுக்கிவைத்து நாள் முழுவதும் அதே இடத்தில் நிற்பவருக்கு, எந்த மூலையில் கூட்டம் தேங்குகிறது, எந்தக் கடை வரம்பு மீறுகிறது என்பது ஆய்வுக்கு வந்து செல்லும் அதிகாரியைவிட முன்னதாகவே தெரியும். அந்த அறிவு பொதுநலனுக்குப் பயன்படும்போதுதான் குழுவில் அவருக்குள்ள இடம் பொருள் பெறும்.

அரசின் பங்கும் இதற்குக் குறைந்ததன்று. 2024 ஜூன் மாதம் கொல்கத்தாவில் நடைபாதைக் கடைகளை அகற்றும் நடவடிக்கை திடீரெனத் தொடங்கி, எதிர்ப்பு எழுந்தபின் ஒரு மாத அவகாசமும் கணக்கெடுப்பும் அறிவிக்கப்பட்டன. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்பதே சட்டம் வகுத்த வரிசை. அந்த வரிசை தலைகீழாகும்போது, ஒழுங்கைக் காக்க முன்வரும் வியாபாரிக்குத் தம் சக வியாபாரிகளிடம் பேசுவதற்கான தார்மிக வலிமையே இல்லாமல் போகிறது. சட்டம் கோரும் காலமுறைக் கணக்கெடுப்பையும், பிரதிநிதிகளுக்கான முறையான தேர்தலையும் நடத்துவது மாநகராட்சி செலுத்த வேண்டிய ஈடு.

தம் பணியின் எல்லையை விரிக்க விழையும் எவருக்கும் கரியாஹாட் தரும் பாடம் ஒன்றுதான்: பொறுப்பைக் கேட்பவர் தாம் ஏற்கவிருக்கும் சுமையையும், அதில் தவறினால் யாரிடம் பதில் சொல்வார் என்பதையும் கோரிக்கையோடு சேர்த்தே சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் துணிவு வியாபாரிகளிடமும், சொல்வதைக் கேட்டு அதிகாரத்தைப் பகிரும் நேர்மை மாநகராட்சியிடமும் இருந்தால், நடப்பவருக்கும் விற்பவருக்கும் இடமளிக்கும் நடைபாதை கொல்கத்தாவில் சாத்தியம். தியாகராய நகர் உள்ளிட்ட தமிழக நகரங்களின் கடைத்தெருக்களுக்கும் அதுவே வழிகாட்டும்.