இடது காலின் சாமர்த்தியம்

கார் ஓட்டத் தெரிந்த பெண்மணி யாரிடமாவது, "கற்றுக்கொண்ட நாளில் உங்களை மிகவும் அழவைத்தது எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டியரிங் என்று சொல்ல மாட்டார், பிரேக் என்றும் சொல்ல மாட்டார். "அந்தப் பாழாய்ப் போன கிளட்ச்தான்!" என்பார். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். பின்னால் இருக்கும் பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டார். கிளட்ச் மிதியே இல்லாத வண்டிகள் வந்த பிறகு பலருக்கு இந்தத் தொல்லை விட்டது. ஆனால் அந்தத் தொல்லையையே வித்தையாகப் பயில்கிறவர்களும் இருக்கிறார்கள்.

என் அண்ணன் மகள் அந்த ரகம். அவள் இருப்பது உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ச் சபைக்கு நிற்க 35 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்று பராந்தக சோழன் காலத்தில், 921-ஆம் ஆண்டிலேயே, கல்லில் வெட்டி வைத்த ஊர் அல்லவா உத்திரமேரூர்! இவளோ 22 வயதில் கார்ப் பந்தயத்துக்குக் கிளம்பிவிட்டாள். "அந்தக் கல்வெட்டுச் சட்டத்தைப் பந்தயத்துக்கும் நீட்டினால் தேவலை" என்றாள் அண்ணி. கடைசியில் வீட்டில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒரே ஒரு பந்தயம். அதில் முதல் பத்துப் பேருக்குள் வராவிட்டால், மறுபேச்சில்லாமல் பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டும்.

பந்தயம் ஒன்றும் அந்த ஜில்லாவுக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில் கார்கள் சீறின. 1990-லிருந்து காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே ஒரு பாதை இருக்கிறது. மாருதி 800 காரின் இஞ்சினை வைத்துக் கோயமுத்தூர் எஸ். கரிவரதன் வடிவமைத்த சின்னப் பந்தயக் கார்கள் அங்கே ஓடின. அந்தக் காரில் ஆரம்பித்த நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். ஆண்களோடு சரிசமமாய்ப் போட்டியிட்ட சென்னைப் பெண் அலிஷா அப்துல்லாவைப் பற்றியும் நீங்கள் படித்திருப்பீர்கள்.

சரி, கிளட்ச் என்ன செய்கிறது? மாவு மில்லுக்குப் போயிருக்கிறீர்களா? மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அரைக்கும் கல் சும்மா நிற்கும். மில்காரர் ஒரு கட்டையால் பெல்ட்டைப் பக்கத்துச் சக்கரத்துக்குத் தள்ளுவார். பெல்ட் 'கிரீச்' என்று வழுக்கி, மெல்லப் பிடித்து, கல்லும் சுற்றத் தொடங்கும். வெடுக்கென்று தள்ளினால் பெல்ட் கழன்று விழும். காரிலும் அதே கதைதான். இஞ்சினின் சுற்று ஓர் அளவுக்குக் கீழே போனால் மூச்சை விட்டுவிடும். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. ஓடுகிறவனையும் நிற்கிறவனையும் ஒட்டவைக்க, நடுவில் ஒரு தட்டு சற்று நேரம் வழுக்கத்தான் வேண்டும். டிரைவர்கள் இதை 'ஆஃப் கிளட்ச்' என்கிறார்கள்.

அண்ணன் வீட்டு டிராக்டரை முப்பது வருஷமாய் ஓட்டுகிற பெரியவர்தான் அவளுக்கு வாத்தியார். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரை ஏரிக்கரை மேட்டில் ஒரு சாண்கூடப் பின்வாங்காமல் கிளப்புகிறவர் அவர். அறுவடை முடிந்த களத்தில் வீட்டுப் பழைய காரை நிறுத்தி, "பாப்பா, வலது காலைத் தூக்கி மடக்கிக்கோ. இடது காலாலேயே வண்டியை நகத்து பாக்கலாம்" என்றார். முதல் நாள் பதினேழு தடவை வண்டி நின்றது. அண்ணி திண்ணையில் உட்கார்ந்து எண்ணினாள்!

"காலுக்குத் தெரியலேன்னா காதால கேளு. சத்தம் தாழும் பாரு, அங்கதான் பிடிக்குது" என்று அவர் சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை மட்டும் மெல்ல எழுப்பினாள். இஞ்சின் குரல் லேசாகக் கம்மியது. வண்டியின் உடம்பில் சிறு சிலிர்ப்பு. அங்கேயே காலை நிறுத்திவைத்தால் வண்டி பூனை மாதிரி நகர்கிறது. ஒரு வாரத்தில், கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தொட்டாள்.

பாய்ந்து கிளம்புகிற வித்தை அதற்கு மேல்தான். அதைக் களத்து மண்ணில் கற்க முடியாது; சக்கரம் புழுதியைத்தான் கிளப்பும். ரோட்டில் போட்டி போடுவதோ சட்டப்படி குற்றம். மிச்சத்தை இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சிக்காரர்களிடம் கற்றாள். முதல் கியரில் கிளட்சை முழுக்க மிதித்து, இஞ்சினை மூவாயிரம், நாலாயிரம் சுற்றில் பிடித்துவைக்க வேண்டும். எவ்வளவு என்பது காருக்குக் கார் மாறும். விளக்கு அணைந்ததும் கிளட்ச் பிடிக்கும் இடம் வரைக்கும் சட்டென்று காலை எடுக்க வேண்டும். அங்கே ஒரு கணம் தயங்க வேண்டும். மீதியை அரிசி களைந்த நீரை வடிப்பதுபோல் சீராக விட வேண்டும்.

டயர் நின்ற இடத்திலேயே சுழன்று புகைந்தால் வேகம் அதிகம் கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இஞ்சின் அடித்தொண்டையில் முனகினால் கிளட்சை அவசரப்பட்டு விட்டாள் என்று அர்த்தம். டயர் துளிக்கூட வழுக்காமல் இருந்தாலும் முழு இழுப்புக் கிடைக்காதாம். பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வழுக்கும்போதுதான் தரையை நன்றாகக் கவ்வுமாம். கிளம்பும்போது காரின் பாரம் பின்பக்கம் சாய்வதால், பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்கு இதில் ஆதாயம். நம் வீட்டுக் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் இழுக்கிறது. ஆகவே வீட்டு வண்டியில் இந்தச் சாகசம் வேண்டாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். இஞ்சினை ஒரே சுற்றில் வைத்துக்கொண்டு இப்படிக் கிளம்பினால், கிளட்ச் முழுக்கப் பிடிப்பதற்குள் காருக்கு எவ்வளவு சக்தி போய்ச் சேருகிறதோ, அவ்வளவு சக்தி தட்டில் சூடாய் வீணாகிறது! கருகிய நாற்றம் வருவது அதனால்தான். இரண்டு மூன்று தடவை கிளம்பினால் ஆறவிட வேண்டும். மேட்டில் பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்சாலேயே வண்டியைத் தாங்கி நிற்கிறவர்களும், ஓடும்போது இடது காலை மிதியிலிருந்து எடுக்காதவர்களும் வருஷம் பூராவும் அந்தத் தட்டைத்தான் வறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பந்தயத்தன்று அண்ணி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் வேனில் ஏறி உட்கார்ந்தாள். பெரியவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஐந்து சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏறின. எப்போது அணையும் என்று யாருக்கும் தெரியாது. பதினொன்றாவது இடத்தில் இவள். "சத்தம் சரியா இருக்கும்மா" என்றார் பெரியவர், கண்ணை மூடிக்கொண்டே. அத்தனை இரைச்சலில் அவருக்கு எது கேட்டதோ! விளக்கு அணைந்தது. முன்னால் இருந்த கார் ஒன்று புகையைக் கக்கியது, இன்னொன்று குலுங்கி நின்றது. முதல் வளைவுக்குள் அவள் ஏழாவதாக நுழைந்தாள்.

முடித்தது ஒன்பதாவதாக. வளைவுகளில் இரண்டு பேர் அவளைத் தாண்டிவிட்டார்கள். வளைவு திரும்பச் சொல்லிக்கொடுக்க எங்கள் ஊரில் ஆள் இல்லை. பேங்க் பரீட்சைப் புத்தகங்களை எதிர்வீட்டுப் பெண் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.