ஆயுத பூஜையும் அறுந்த புஷ்ஷும்

பெங்களூர்த் தமிழ் மக்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜைக்குக் காருக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது குனிந்து பார்த்திருக்கிறோமா?

கேட்டால், "அதெல்லாம் மெக்கானிக் வேலை சார்!" படித்தவன் ஸ்பேனர் பிடித்தால் கௌரவம் போய்விடுமாம். கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி வரை உட்கார்ந்து தேடுகிற ஆசாமிகள் நாம். ஆனால் "சஸ்பென்ஷன் போயிடுச்சு" என்று ஒரே வரியில் எஸ்டிமேட் கொடுத்தால் மட்டும் கார்டை நீட்டிவிடுகிறோம். எது போனது? ஷாக் அப்சார்பரா, லோயர் ஆர்ம் புஷ்ஷா, பால் ஜாயின்டா, லிங்க் ராடா? ஒவ்வொன்றுக்கும் விலை வேறு, ஆபத்தும் வேறு.

"இன்ஷூரன்ஸ் இருக்கே" என்பார்கள். பாலிசியைப் படியுங்கள் ஐயா! தேய்மானத்துக்குப் பைசா கிடையாது. விபத்தில் போனாலும், 'ஜீரோ டெப்' தனியாக எடுக்காவிட்டால், ரப்பர் பாகத்துக்குப் பாதி விலைதான். பள்ளம் மாநகராட்சியுடையது, பில் நம்முடையது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? சின்ன மேடு பள்ளத்தில் 'கடகட' என்றால் பெரும்பாலும் லிங்க் ராட். ஜே.சி. ரோட்டில் கிடைக்கும், பக்கத்துக்கு இரண்டு நட்டுதான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். முன்பக்க ஸ்ட்ரட்டைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். கம்ப்ரஸர் போடாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும். அது மெக்கானிக் வேலைதான். ஆனாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஷாக்கை இடம் வலம் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

பல அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்களில் பார்க்கிங்கில் ரிப்பேர் செய்யத் தடை. கேட்டால் ஆயில் சிந்துமாம். லிங்க் ராடில் ஏது சாமி ஆயில்? தரையில் கறை விழுவதற்குக் கவலைப்படுகிறவர்கள், அதே தரையில் ஒழுகிய ஷாக்கோடு நிற்கிற வண்டிகளை ஒரு நாளாவது கேட்டார்களா?

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்றால், பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வழியில் தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கம் வரும். எத்தனையோ விபத்துகளைப் பார்த்த இடம். ஷாக் தேய்ந்திருந்தால் பிரேக் மிதிக்கும்போது டயர் ரோட்டில் ஒட்டாமல் துள்ளும், வண்டி நிற்கிற தூரம் கூடும். பின் சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்த இறக்கத்தில் நம் கௌரவம் வந்து பிரேக் பிடிக்காது.