கழுத்துக் கட்டியை யார் கவனிப்பது?

65 வயதுப் பெரியவரின் கழுத்தில் எலுமிச்சை அளவு வீக்கம். வலி இல்லை. "வயசானா கொழுப்புக் கட்டி வரத்தான் செய்யும்" என்கிறார்கள் வீட்டில். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தருகிறார்கள். மாதங்கள் ஓடிவிடுகின்றன.

பிறவிக் கட்டி முதுமையிலும் தலைகாட்டும். கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கிவரும் பாதை, சுமார் 10 வாரங்களில் மறைந்துவிட வேண்டும். மறையாமல் எஞ்சிய துணுக்கில் பல பத்தாண்டுகள் கழித்தும் நீர் கோக்கலாம். அது நடுக்கழுத்தில் இருக்கும்; நாக்கை நீட்டினால் மேலேறும். இதில் புற்றுநோய் இருப்பது நூற்றில் ஒருவருக்குத்தான்.

பக்கவாட்டில் வருவதுதான் கவலைக்குரியது. 40 வயதைத் தாண்டியவருக்கு அங்கே புதிதாக நீர்க்கட்டி வந்தால், இல்லை என்று உறுதியாகும்வரை புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். டான்சில், நாக்கின் அடிப்பகுதி, தைராய்டு ஆகியவற்றில் தோன்றிய புற்று நிணநீர்க் கணுவுக்குப் பரவினால், பார்வைக்குப் பிறவிக் கட்டி போலவே இருக்கும். காசநோயையும் மறக்கக்கூடாது. ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் கட்டியைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் முதலில், கத்தி பிறகு. ஊசியில் வெறும் நீர் மட்டும் வந்தால் அதை நல்ல செய்தி என்று முடிவுகட்டாமல், ஸ்கேன் பார்த்தபடி மறுபடி எடுக்க வேண்டும்.

நடுக்கழுத்துக் கட்டிக்கு 1920-இல் சிஸ்ட்ரங்க் என்ற அறுவை மருத்துவர் விவரித்த அறுவை முறையே இன்றும் நிலைத்திருக்கிறது. பையை மட்டும் எடுத்தால் பாதிப் பேருக்குத் திரும்ப வரக்கூடும். கழுத்தில் உள்ள ஹயாய்டு எலும்பின் நடுப்பகுதியையும் தைராய்டு இறங்கிவந்த பாதையையும் சேர்த்து அகற்றினால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறையும். கழுத்தில் தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். வயதை மட்டும் காட்டி அறுவையை மறுப்பது நியாயமில்லை. சர்க்கரை, இதயம், மயக்க மருந்தைத் தாங்கும் உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்து, பெரியவரையும் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

இதை மருத்துவர் தலையில் மட்டும் சுமத்த முடியாது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வீடு தேடி வரும் பணியாளர் கழுத்தையும் ஒருமுறை தடவிப் பார்க்கட்டும். மருந்துக் கடைக்காரர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் தர மறுக்கட்டும். மாவட்ட மருத்துவமனைகளில் ஊசிப் பரிசோதனை முடிவு தாமதமின்றிக் கிடைக்க அரசு வழிசெய்யட்டும். வீட்டார் துணைக்குப் போகட்டும். அறுவை முடிந்ததும் அகற்றிய கட்டியின் பயாப்சி முடிவை மறக்காமல் வாங்கி மருத்துவரிடம் காட்டட்டும்.