திரும்பி வரும் தண்ணீர்

பஞ்சாலைப் பகுதியில் ஒரு லைன் முழுவதும் வாந்தி பேதியில் படுத்தால், அதற்கு நிர்வாகம் சொல்லும் காரணம் நமக்கு மனப்பாடம். கண்ட இடத்தில் தின்கிறார்கள், கை கழுவுவதில்லை, சுத்தம் தெரியாத ஜனங்கள் என்பார்கள். லைன் வீட்டுச் சொந்தக்காரரும் இதையே பாடுவார். முனிசிபாலிடியோ, "எங்கள் டேங்கில் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று சவால் விடும். டேங்கில் சுத்தமாக இருந்திருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. டேங்குக்கும் நம் வீட்டுக் குடத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதே நமது கேள்வி.

குழாய்த் தண்ணீர் எப்போதும் வீட்டை நோக்கியே ஓடும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். தண்ணீருக்குத் திசை தெரியாது. அழுத்தம் எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் ஓடும். பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெய் எடுக்கிறவர் ரப்பர் டியூபின் ஒரு நுனியை எண்ணெய்க்குள் விட்டு, மறு நுனியை வாயில் வைத்து இழுக்கிறார் அல்லவா? தெருவில் போகும் மெயின் குழாயும் அப்படி இழுக்கும். மெயின் உடையும்போது, வால்வை அடைக்கும்போது, தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுக்கும்போது, பக்கத்து வீட்டில் குழாயோடு மோட்டாரைச் சேர்த்து உறிஞ்சும்போது மெயினில் அழுத்தம் விழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எங்காவது ஒரு ஓஸின் நுனி அழுக்குத் துணி ஊறும் வாளிக்குள்ளோ, சாயத் தொட்டிக்குள்ளோ, கக்கூசுக்குள்ளோ மூழ்கிக் கிடந்தால், அங்கே இருப்பது குடிநீர்க் குழாய்க்குள் ஏறிவிடும். மறுபடி தண்ணீர் விட்டதும் அதுதான் முதலில் குடத்தில் விழும்.

இன்னொரு வழியும் உண்டு. மில்லில் பாய்லரோ பம்போ மெயினைவிட அதிக அழுத்தத்தில் வேலை செய்யும். இரண்டு லைன்களையும் ஒரே ஒரு வால்வு மட்டும் பிரித்திருக்கிறது என்று வையுங்கள். அந்த வால்வு தேய்ந்த அன்று, பாய்லர் மருந்து கலந்த தண்ணீர் குடிநீர் லைனுக்குள் தள்ளப்படும்.

இது ஏட்டுக் கதையல்ல. 1933-ல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே இரண்டு பெரிய ஓட்டல்களில் பழைய குழாய்கள் தாறுமாறாக இணைக்கப்பட்டிருந்தன. சாக்கடை நீர் குடிநீரில் கலந்தது. அமீபா சீதபேதி 1,409 பேரைப் பிடித்தது. 98 பேர் மாண்டனர். ஓட்டலில் தங்கியவர்கள் வசதி படைத்தவர்கள். ஆகவே அவர்கள் தத்தம் ஊருக்குத் திரும்பி அங்கே படுத்தபோதும் டாக்டர்கள் தேடிப் பிடித்து எண்ணினார்கள், என்ஜினீயர்கள் குழாய் குழாயாகப் பிரித்துப் பார்த்தார்கள். லைன் வீட்டில் சாகிறவனுக்கு யார் குழாயைப் பிரித்துப் பார்க்கிறார்கள்?

1969-ல் அதே நாட்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், ஹோலி கிராஸ் கல்லூரியின் கால்பந்துக் குழுவில் 97 பேரில் 90 பேருக்குத் தொற்று மஞ்சள் காமாலை. ஆட்டப் பருவமே கைவிடப்பட்டது. விசாரித்தபோது தெரிந்தது இதுதான்: மைதானத்துக் குழாய் ஒன்று தரைமட்டத்துக்குக் கீழே ஒரு குழிக்குள் இருந்தது. காமாலை கண்ட குழந்தைகள் அந்தத் தண்ணீரில் விளையாடியிருந்தார்கள். ஊரில் எங்கோ தீப்பிடிக்க, தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் எடுக்க, அழுத்தம் விழுந்து குழித் தண்ணீர் குழாய்க்குள் போயிற்று. ஆட்டக்காரர்கள் அதைக் குடித்தார்கள். தீ எரிந்தது ஓரிடம், காமாலை வந்தது இன்னோரிடம்.

அங்கே இருபத்து நாலு மணி நேரமும் குழாயில் தண்ணீர் நிற்கும். எப்போதாவது ஒரு நாள்தான் அழுத்தம் விழும். நம் ஊர்களில் நிலைமை தலைகீழ். பல நகரங்களில் சில நாளைக்கு ஒருமுறை, சில மணி நேரம் மட்டுமே தண்ணீர். மற்ற நேரமெல்லாம் குழாய் வெறும் குழாய். பக்கத்திலேயே சாக்கடை, மூட்டுகளில் கசிவு. காலிக் குழாய் தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தையெல்லாம் உள்ளே விடும். இந்த நிலையில் தெருவுக்கு நாலு பேர் மோட்டார் வைத்து இழுத்தால் சாக்கடையையும் சேர்த்துத்தான் இழுப்பார்கள்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வைப்பவர்கள் மாடி வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல. நம் தொழிலாளர் குடும்பங்களிலும் வைக்கிறார்கள். "எல்லாரும் வைக்கிறார்கள், வைக்காவிட்டால் எனக்குச் சொட்டு வராது" என்கிறார்கள். உண்மைதான்; பற்றாக்குறையை உண்டாக்கியவன் தொழிலாளி அல்ல. ஆனால் அந்த மோட்டார் இழுக்கும் விஷம் முதலில் சேருவது அடுத்த வீட்டுத் தோழரின் கைக்குழந்தைக்கு. குழாயில் நேராக மோட்டார் வைப்பதை நம் தெருவில் நாமே நிறுத்துவோம். அதே மூச்சில் போதுமான தண்ணீரையும் அழுத்தத்தையும் முனிசிபாலிடியிடம் கேட்போம். ஒன்றை விட்டு ஒன்று நடக்காது.

பரிகாரம் கோடி ரூபாய்த் திட்டமல்ல. முதலாவது, இடைவெளி. தொட்டி நிரம்பி வழியும் விளிம்புக்கு மேலே குழாயின் வாய் நிற்க வேண்டும். குழாய் வாயின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, எப்படியும் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல். அரை அங்குலக் குழாய்க்கு ஒரு அங்குலம், ஒரு அங்குலக் குழாய்க்கு இரண்டு. காற்றைத் தாண்டி அழுக்கை எந்தக் குழாயும் உறிஞ்ச முடியாது. இதற்கு மெக்கானிக் வேண்டாம், பழுது வராது. சம்பின் வழிகுழாயையும் சாக்கடையோடு இணைக்காமல், வலை கட்டித் திறந்தவெளியில் விட வேண்டும்.

இடைவெளி வைக்க முடியாத இடத்தில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வு. இது தேயும், மண் அடைக்கும்; ஆகவே வருஷம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். பாய்லர், சாயப்பட்டறை போன்ற இடங்களில் ஒற்றை வால்வை நம்பக் கூடாது. குடிநீர் லைன் தனியாகவே இருக்க வேண்டும்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 18-வது பிரிவில், குடிநீர் இடத்துக்கும் கக்கூஸ், கழுவுமிடம், சாக்கடைக்கும் நடுவே ஆறு மீட்டர் தூரம் வேண்டுமென்று எழுதியது. தரைக்கு மேலே ஆறு மீட்டர் விட்டுவிட்டு, தரைக்குக் கீழே இரண்டு குழாய்களையும் சேர்த்து வைத்தால் என்ன பயன்? அந்தச் சட்டம் இப்போது புதிய தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்டது. எந்தச் சட்டமானாலும், குழாய்களின் வரைபடத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டும்படி நிர்வாகத்தைக் கேட்க நமக்கு உரிமை வேண்டும்.

விவசாயத் தொழிலாளர்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று எண்ண வேண்டாம். பூச்சிமருந்து டிரம்மில் தண்ணீர் பிடிக்கும்போது ஓஸை மருந்துக்குள் முக்கி வைப்பது வழக்கம். கரண்ட் போய் மோட்டார் நின்றால் குழாயில் உள்ள தண்ணீர் கிணற்றுக்கே திரும்பும், மருந்தையும் இழுத்துக்கொண்டு. சொட்டுநீர்க் குழாயில் உரம் விடுகிற தோட்டங்களிலும் இதே அபாயம். மத்தியானம் நாற்று நடும் பெண்கள் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். ஓஸின் நுனியை டிரம்முக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். மோட்டாருக்கும் உரம் சேரும் இடத்துக்கும் நடுவே என்.ஆர்.வி. வால்வு போடும் செலவு மிராசுதாருடையது. கூலிப் பேச்சு நடக்கும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் தோழர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். லைன் லைனாகப் போய், எத்தனை குழாய், எத்தனை மோட்டார், எந்த ஓஸ் எதில் மூழ்கிக் கிடக்கிறது, சம்பின் வழிகுழாய் எங்கே போகிறது என்று எழுதி வாருங்கள். கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்று முனிசிபாலிடி ஆளை வைத்தே பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். நேற்று இருந்து இன்று இல்லையென்றால் குழாய்க்குள் ஏதோ புகுந்திருக்கிறது. அன்றே தண்ணீரைக் கொதிக்க வைக்கும்படி வீடு வீடாகச் சொல்லிவிட்டு, அந்தப் பட்டியலோடு கமிஷனரைப் பார்க்கப் போக வேண்டும். பெண்களையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் குழாயில் எந்த நேரம் என்ன நாற்றம் வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.