எட்டை இரண்டாக்கிக் கேட்டால்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தொடுகோடு வரையும் கணக்கு அத்துப்படி. 6 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம், மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்து, மையக்குத்துக்கோடு போட்டு, நடுப்புள்ளியில் காம்பஸை ஊன்றி, மையத்தின் வழியே செல்லும்படி இன்னொரு வட்டம் வரைந்தால், அது முதல் வட்டத்தை வெட்டும் இரண்டு இடங்களும் தொடுபுள்ளிகள். உதவிப்படத்தோடு எழுதினால் 8 மதிப்பெண். அந்த இரண்டாவது வட்டம் எதற்கு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம், தொடுகோடும் ஆரத்துக்குச் செங்குத்து, அவ்வளவுதான் சூட்சுமம். இப்போது 8-ஐ 2 ஆக்கிக் கொடுங்கள். புள்ளி வட்டத்துக்குள்ளே போய்விடும், தொடுகோடே கிடையாது. காரணம் தெரிந்தவர் ஒரே வரியில் முடிப்பார். படிகளை உருப்போட்டவரோ வட்டங்கள் ஏன் வெட்டவில்லை என்று அழித்து அழித்து வரைந்துகொண்டிருப்பார்.

இது நம் பிள்ளைகளின் குறை மட்டுமல்ல. 1,128 வீரர்களை ஏற்றிச்செல்ல, 36 பேர் அமரும் பேருந்துகள் எத்தனை வேண்டும் என்று அமெரிக்க தேசிய மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் கேட்டார்கள். 1983-இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ 70 சதவீதம் பேர் சரியாக வகுத்தார்கள். 32 என்று பதில் சொன்னவர்கள் 23 சதவீதம்தான். ‘31, மீதி 12’ என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம். வகுத்தல் தெரிந்திருந்தும், அந்த 12 பேர் எதில் ஏறுவார்கள் என்று யோசிக்கும் பழக்கம் வரவில்லை. பயிற்சி போதும், சிந்தனை தானாக வரும் என்பவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மெல்லக் கற்கும் மாணவர்களைத் தேர்ச்சி பெற வைப்பதே வடிவியலும் வரைபடமும் சேர்ந்த அந்த 16 மதிப்பெண்தான், அதில் கைவைக்கலாமா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கவலை. அதைத் தொட வேண்டாம். இரண்டு மதிப்பெண் வினா ஒன்றை மட்டும் மாற்றலாம்: ‘புள்ளி மையத்திலிருந்து 2 செ.மீ. தொலைவில் இருந்தால் என்ன ஆகும், ஏன்?’ சூத்திரமே தேவைப்படாத இந்தக் கேள்வி மெல்லக் கற்பவருக்குத்தான் அதிகம் கைகொடுக்கும். நேரமில்லை என்ற வாதமும் இங்கே நிற்காது. புதுப் பாடம் எதுவும் சேரவில்லை. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ராமானுஜம் தலைமையிலான குழு, 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காகத் தந்த அறிக்கையிலேயே மதிப்பீட்டு முறையை முக்கியக் கோளாறாகச் சுட்டியிருந்தது. தேர்வில் வராததை வகுப்பில் யார் நடத்துவார்கள்? வினாத்தாள் மாறினால் நோட்ஸ் போடுபவர்கள்கூட மறு ஆண்டே மாறிவிடுவார்கள். விடைக்குறிப்பில்தான் உண்மையான வேலை இருக்கிறது: மாணவர் தன் சொந்த நடையில் எழுதும் காரணத்துக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று திருத்துபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.