ஒட்டிவிட்டதா… உடைத்துப் பாருங்கள்!

ஒரே கட்டையைக் கடைந்து சொப்புச் சாமான் செய்வது அம்பாசமுத்திரம் பக்கம் பழகிய வேலை. பல நிற மரங்களைச் சின்னத் துண்டுகளாக அறுத்து, வளையமாக ஒட்டி, வளையத்தின் மேல் வளையம் அடுக்கி, பிறகு லேத்தில் கடைந்து கிண்ணமாக்குவது இன்னொரு வகை. ‘செக்மென்டட் டர்னிங்’ என்பார்கள். இதில் கிண்ணத்தைத் தாங்கி நிற்பது பசைதான்.

இந்த வேலைக்குச் சிலர் ‘ஸ்டெபிலைஸ்டு’ மரம் வாங்குகிறார்கள். உளுத்துப்போன, மெத்தென்ற மரத்தை நன்றாகக் காயவைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, அதன் நுண்துளைகளில் ரெசின் ஏற்றி, சுமார் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் இறுக வைப்பார்கள். சாயம் கலந்தால் நீலம், சிவப்பு என்று எந்த நிறமும் வரும். மரம் கெட்டியாகிவிடும்; ஈரத்தில் அவ்வளவாக உப்பாது.

சிக்கல் ஒட்டும்போதுதான். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. அதை மரம் உறிஞ்சிக்கொண்டால்தான் பசை இறுகும். இங்கே துளைகளை ரெசின் அடைத்துக்கொண்டிருக்கிறது. மேலே காய்ந்தாலும் உள்ளே பிடிப்பு நம்பும்படி இருக்காது.

எது ஒட்டும்?

இரண்டு குழாய்களில் வரும் எபாக்சி பசை ஏற்றது. அது தண்ணீர் வற்றி இறுகுவதில்லை; இரண்டும் கலந்து வினைபுரிந்து இறுகுகிறது. 5 நிமிட ரகத்தைவிட மெதுவாக இறுகும் ரகம் உறுதியானது. ஃபெவிக்விக் வகை சட்டென்று பிடிக்கும். ஆனால் உளி அதிர்ந்தால் விட்டுவிடலாம்.

எப்படி ஒட்டுவது?

* மேலே படிந்த ரெசின் ஏட்டை அறுத்து நீக்குங்கள். ஒட்டும் பக்கத்தை 80ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். பளபளப்பான முகத்தில் பசைக்குப் பிடி கிடைக்காது.
* தூசியைத் தட்டி, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கக் கூடாது. துடைத்த முகத்தை விரலால் தொடாதீர்கள்.
* ஒரு வளையத்துக்கு 12 துண்டு என்றால், ஒவ்வொன்றின் இரு முனையும் 15 டிகிரி சரிவு. மொத்தம் 24 வெட்டு. ஒவ்வொன்றிலும் 0.1 டிகிரி பிசகினால் கடைசியில் 2.4 டிகிரி இடைவெளி விழும். அதனால் முதலில் இரண்டு அரை வளையங்களாக ஒட்டி, முனைகளை உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, பிறகு இணைப்பது நல்லது.
* இரு முகத்திலும் பசை தடவுங்கள். கிளாம்பை அளவாக முறுக்கினால் போதும். அதிகம் அழுத்தினால் எபாக்சி எல்லாம் வழிந்துவிடும்.
* 24 மணி நேரம் அசைக்க வேண்டாம்.

முதலில் சோதனை

கழிவுத் துண்டுகள் இரண்டை இதே முறையில் ஒட்டி, மறுநாள் சுத்தியலால் தட்டி உடையுங்கள். மரம் பிய்ந்து வந்தால் பசை பிடித்திருக்கிறது. ஒட்டிய கோட்டிலேயே வழவழவென்று பிரிந்தால், அந்தப் பசையையோ முறையையோ மாற்ற வேண்டும்.

இந்தச் சோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 20 செ.மீ. அகலமுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 38 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஒட்டு விட்டால் துண்டு அந்த வேகத்தில் முகத்துக்கு வரும். முகக்கவசம் அணிந்து, சுழலும் நேர்க்கோட்டிலிருந்து விலகி நின்று, குறைந்த வேகத்தில் லேத்தைத் தொடங்குங்கள். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மூக்கு, வாய்க்குத் தூசி மாஸ்க் கட்டாயம். தேய்க்கும்போது கிண்ணம் கை பொறுக்காத சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டில் எபாக்சி இளகும்.

வேலை நடக்கும்போது குழந்தைகள் வேடிக்கை பார்க்க ஆசைப்படுவார்கள். கிண்ணம் முடிந்த பிறகு கையில் கொடுங்கள். லேத் ஓடும் அறைக்குள் வேண்டாம்.